மூன்று நொடி வியாபாரம்

மும்பை பவாயில், விஹார் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு கல்வி நிறுவனம் இருக்கிறது. 1963இல் மத்திய அரசு தொடங்கிய தேசியத் தொழிற்பொறியியல் நிறுவனம் அது. 2023இல் ஐஐஎம் மும்பை என்று பெயர் மாறியது. ஆலையை ஓட்டுவது எப்படி, சரக்கைத் தேங்காமல் நகர்த்துவது எப்படி, வீண் செலவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் இடம். அங்கே டி. பிரசாத் என்ற பேராசிரியர் தம் மாணவர்களைத் தெருவில் இறங்கி விற்கச் சொன்னார். விற்க வேண்டிய சரக்கு, கல்விப் பொம்மைகள். கணிதத்தையும் அறிவியலையும் மலிவான பொருள்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்கும் நவநிர்மிதி என்ற தொண்டு அமைப்பு அவற்றைத் தயாரித்தது. வாங்க வேண்டியவர்கள் மும்பைத் தெருவில் போகிற வருகிற யாரும். நிகழ்ச்சிக்கு ‘மண்டி’ என்று பெயர்.

பெரிய கம்பெனிகளில் மேலாளராகப் போகிறவர்கள் ஒரு நாள் நடைபாதையில் நின்று பொம்மை விற்கிறார்கள். கூச்சம் போக நல்ல பயிற்சி என்று பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் தெருவில் நடக்கும் ஒரே ஒரு விற்பனையைப் பிரித்துப் பார்த்தால், அதற்குள் நடையின் வேகம், கூட்டத்தின் மனம், நிகழ்தகவு, வடிவியல் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு மாணவி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே வருகிறவரின் நடை வேகம் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர். அறிமுகமில்லாத இருவர் உறுத்தல் இல்லாமல் பேசிக்கொள்ளும் இடைவெளி சுமார் 1.2 மீட்டரிலிருந்து 3.6 மீட்டர் வரை என்று மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் வகுத்துச் சொன்னார். அதைவிடத் தள்ளி நின்று கூப்பிட்டால் கத்துவதுபோல் இருக்கும். நெருங்கினால் வழிமறிப்பதுபோல் இருக்கும். ஆக, 3.6 மீட்டர் தொலைவில் பேச ஆரம்பித்தால், அவர் மாணவியைக் கடந்துபோக ஆகும் நேரம் ஏறத்தாழ மூன்று நொடி. அதற்குள் ஏழெட்டு வார்த்தை பேசலாம். “வணக்கம் சார், நான் இன்ன கல்லூரியில் முதலாமாண்டு படிக்கிறேன்” என்று ஆரம்பித்தால் வாக்கியம் முடிவதற்குள் ஆள் போய்விட்டிருப்பார். என்ன விற்கிறோம் என்பதே அவர் காதில் விழுந்திருக்காது.

இந்த மூன்று நொடியிலும் இன்னொரு தடை இருக்கிறது. நெரிசலான நகரத்தில் எதிரே வருகிறவரை ஒரு கணம் பார்ப்போம், உடனே பார்வையை விலக்கிக்கொள்வோம். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘நாகரிகப் பாராமுகம்’ எனலாம்: நீ இருப்பது தெரியும், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன், நீயும் என்னைச் செய்யாதே என்று வாய் திறக்காமல் செய்துகொள்ளும் உடன்பாடு. ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முகங்களைக் கடந்துபோகும் மும்பைவாசிக்கு இந்த உடன்பாடு இல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். விற்க வந்தவர் அந்த உடன்பாட்டைத்தான் உடைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் எரிச்சல் வராமல்.

பேச்சுக்கு நேரமில்லை என்றால் கைதான் பேச வேண்டும். பொம்மை இங்கே உதவிக்கு வருகிறது. கல்விப் பொம்மைகளில் ஒரு வகை, உறிஞ்சுகுழல் துண்டுகளை ரப்பர் இணைப்பால் கோத்து வடிவங்கள் செய்வது. நான்கு குழல்களைக் கோத்துச் சதுரம் செய்து, ஒரு மூலையை விரலால் மெல்லத் தள்ளுங்கள். சதுரம் அப்படியே சாய்ந்து சரிந்த கட்டமாகிவிடும். இன்னும் தள்ளினால் தட்டையாகிப் படுத்துவிடும். இப்போது ஒரு குழலை உருவிவிட்டு மூன்றை மட்டும் கோத்துத் தள்ளிப் பாருங்கள். முக்கோணம் அசையாது. அதே குழல், அதே இணைப்பு, அதே விரல். ஒன்று சரிகிறது, ஒன்று நிற்கிறது. மூன்று பக்கங்களின் நீளம் முடிவாகிவிட்டால் மூன்று கோணங்களும் முடிவாகிவிடும். நான்கு பக்கத்துக்கு அப்படி இல்லை. நீளம் மாறாமலே கோணம் மாறலாம். ரயில்வே பாலத்தின் இரும்புச் சட்டங்களிலும் மின்கோபுரங்களிலும் குறுக்குக் கம்பி போட்டு முக்கோணமாகப் பிரித்திருப்பது இதற்காகத்தான்.

இரண்டு வடிவங்களையும் முன்பே கோத்து வைத்திருந்தால், இதைத் தள்ளிக்காட்ட மூன்று நொடி போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. கண் தானாகத் திரும்பும், ஏன் சரியவில்லை என்ற கேள்வி தானாக எழும். கேள்வி எழுந்தவர் காலை நிறுத்துவார். நான் பார்த்தவரையில் தேர்ந்த தெருவோர வியாபாரி எவரும் பொருளைப் பற்றிப் பேசி ஆரம்பிப்பதில்லை. காய்கறி நறுக்கும் கருவி விற்பவர் முதலில் கேரட்டைச் சீவிக் குவிக்கிறார். பேச்சு அப்புறம்தான் வருகிறது.

எங்கே நிற்பது? கூட்டம் அதிகமுள்ள இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற உளவியலாளர்கள் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிறிஸ்தவ இறையியல் படிக்கும் 40 மாணவர்களைத் தனித்தனியாகப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிற்றுரை ஆற்றச் சொன்னார்கள். வழியில் ஒருவர் இருமியபடி சுருண்டு கிடப்பதுபோல் நடித்தார். நேரம் இருக்கிறது, மெதுவாகப் போகலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவ முன்வந்தார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் வெறும் 10 சதவீதம். இத்தனைக்கும் அவர்களில் பாதிப்பேர் பேசப் போன தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை.

கொடுக்கும் மனம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அவசரம் அதை மூடிவிடுகிறது. 8.47 லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர் கல்நெஞ்சர் இல்லை, அவருக்கு நேரம் இல்லை. அதனால் மணிக்குப் பல்லாயிரம் பேர் ஓடுகிற நிலைய வாசலைவிட, ஐம்பது பேர் காத்திருக்கும் பேருந்து நிறுத்தம் நல்ல இடம். மாலையில் கடற்கரைச் சுவரில் காற்று வாங்க உட்கார்ந்திருக்கும் குடும்பம் அதைவிட நல்ல இடம். அங்கே மூன்று நொடிக் கெடு இல்லை, பக்கத்தில் குழந்தையும் இருக்கிறது.

கூட்டமே கூட்டத்தைச் சேர்க்கும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். எவ்வளவு சேர்க்கும் என்று அளந்தவர் ஸ்டான்லி மில்கிராம். 1969இல் வெளியான அந்தச் சோதனை நியூயார்க் நடைபாதையில் நடந்தது. ஓர் ஆளை நிறுத்தி எதிர்க்கட்டடத்தின் ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். அவரைப் பார்த்து நின்றவர்கள் நூற்றுக்கு 4 பேர். பதினைந்து பேர் சேர்ந்து அண்ணாந்து பார்த்தபோது நின்றவர்கள் நூற்றுக்கு 40 பேர். ஜன்னலில் பார்க்கத்தக்கதாக ஒன்றும் இல்லை. தெருவில் விற்க வருபவர்களுக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஐந்து மாணவர்கள் ஐந்து மூலையில் தனித்தனியாக நின்றால் ஐந்து விற்பனையாளர்கள். அந்த ஐவரே ஒரு பொம்மையைச் சுற்றி வட்டமாக நின்று தலையைக் குனிந்து பார்த்தால், அது ஒரு சின்னக் கூட்டம். அடுத்து வருகிறவர் எட்டிப் பார்க்காமல் போக மாட்டார்.

முதல் ஆளைக் கேட்பதற்கு முன் நெஞ்சு படபடக்கும். எல்லோரும் மாட்டேன் என்பார்கள் என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு தப்பு என்பதை ஃபிரான்சிஸ் ஃப்ளின், வனெஸா லேக் இருவரும் 2008இல் எண்ணிக் காட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஐந்து பேரை ஒரு வினாத்தாளை நிரப்ப வைக்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்க வேண்டியிருக்கும் என்று மாணவர்களிடம் முதலிலேயே மதிப்பிடச் சொன்னார்கள். சுமார் இருபது பேர் என்றார்கள். நிஜத்தில் பத்துப் பேருக்குச் சற்றே கூடுதலாகக் கேட்டதும் ஐவர் கிடைத்துவிட்டார்கள். கேட்பவர் தன் கூச்சத்தை மட்டும் பார்க்கிறார். கேட்கப்பட்டவருக்கும் ஒரு கூச்சம் உண்டு. முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அந்த இரண்டாவது கூச்சத்தை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதுவரை சொன்னது எந்தத் தெருவியாபாரத்துக்கும் பொருந்தும். “இது தர்ம காரியத்துக்கு” என்ற ஒரு வரி சேர்ந்ததும் இயந்திரத்தின் உள்ளே பற்சக்கரங்கள் மாறிவிடுகின்றன. விற்பனை கூடிவிடும் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை.

ஒரு கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்தில் ஏறியவர்களைப் படம் எடுத்து விற்பது வழக்கம். ஒரு படம் 12.95 டாலர். அயலெட் நீஸியும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1,13,000க்கும் மேற்பட்டவர்களிடம் நான்கு விதமாக விற்றுப் பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்கு என்று கணக்கைச் சுருக்கிக்கொள்வோம். வழக்கமான விலையில் வாங்கியவர்கள் 5 பேர். அதே விலை, பாதிப் பணம் தர்மத்துக்கு என்று சொன்னபோது 6 பேர்கூட இல்லை. ஆக, தர்மம் என்ற சொல் மட்டும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றதும் 84 பேர் வாங்கினார்கள். ஆனால் ஒருவர் சராசரியாகக் கொடுத்தது 92 சென்ட், ஒரு டாலருக்கும் குறைவு. நான்காவது முறை: விருப்பப்பட்டதைக் கொடுங்கள், அதில் பாதி தர்மத்துக்கு. வாங்கியவர்கள் 45 பேர். எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கொடுத்த தொகையோ சராசரி 5.33 டாலர், ஆறு மடங்குக்கு அருகில்!

கூட்டிப் பாருங்கள். வழக்கமான விலையில் ஆயிரம் பேரிடமிருந்து கிடைத்தது சுமார் 65 டாலர். நான்காவது முறையில் சுமார் 240 டாலர். பாதியைத் தர்மத்துக்குக் கொடுத்த பிறகும் கைக்கு வந்த வருமானம் பழையதைவிட அதிகம். இதில் என்னை மிகவும் ஈர்ப்பது விலகிப்போனவர்கள்தான். வெறும் படம் என்றால் அரை டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளும் மனம், தர்மம் என்று வந்ததும் அரை டாலரை நீட்டக் கூசுகிறது. கொடுத்தால் கௌரவமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காமலே போய்விடலாம். தன் கண்ணில் தான் தாழ்ந்துவிடக் கூடாது என்ற எண்ணம் அவ்வளவு வலுவானது.

வாங்காமல் போவதற்கு மனிதர்கள் எடுத்துக்கொள்ளும் சிரமமும் அளக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஒரு பல்பொருள் அங்காடியின் வாசல்களில் சால்வேஷன் ஆர்மி தொண்டர்கள் மணியடித்து நன்கொடை திரட்டினார்கள். ஜேம்ஸ் ஆண்ட்ரியோனியும் கூட்டாளிகளும் அங்கே செய்த ஆய்வு 2017இல் வந்தது. தொண்டர் சும்மா மணியடித்ததைவிட, “தயவுசெய்து கொடுங்கள்” என்று வாய் திறந்து கேட்டபோது நன்கொடை வெகுவாகக் கூடியது. கூடவே இன்னொன்றும் கூடியது: அந்த வாசலைத் தவிர்த்து வேறு வாசல் வழியே நழுவுகிறவர்களின் எண்ணிக்கை. கேட்டால் கொடுப்பார்கள், கேட்பது தெரிந்தால் விலகுவார்கள். இரண்டும் ஒரே மனிதக் கூட்டம். அதனால்தான் தெருவில் ‘தர்மம்’ என்ற பதாகையை முன்னால் பிடிப்பதைவிடப் பொம்மையை முன்னால் பிடிப்பது நல்லது என்று நான் நினைக்கிறேன். முக்கோணம் ஏன் சரியவில்லை என்று கேட்டு நின்றவரிடம், பணம் எங்கே போகிறது என்பதைப் பிறகு சொல்லலாம்.

அடுத்து வருவது பேரம். மும்பைத் தெருவில் சொன்ன விலைக்கு வாங்குகிறவர் அரிது. கணக்கு எளிதாக இருக்க, பொம்மையின் அடக்கவிலை 60 ரூபாய், விற்கும் விலை 100 என்று வைப்போம். “எண்பதுக்குக் கொடு” என்கிறார் வாங்குபவர். ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் தொண்டு அமைப்புக்கு மிஞ்சுவது 40 ரூபாயிலிருந்து 20 ஆகிவிட்டது, சரிபாதி. பழைய தொகையை எட்ட இரண்டு மடங்கு விற்க வேண்டும். வெயிலில் இரண்டு மடங்கு நேரம் நிற்க வேண்டும். அதற்குப் பதில், “இரண்டாக எடுத்தால் 190” என்று சொல்லிப் பாருங்கள். வாங்குபவருக்குப் பேரத்தில் வென்ற திருப்தி. மிச்சம் 70 ரூபாய். சட்டைப்பையில் துண்டுக் காகிதம் இல்லாமல் இந்தக் கணக்கைச் சில நொடிகளில் போடுகிற பூக்காரர்கள் தாதர் பூச்சந்தையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்தப் பூக்காரர் விடிகாலையில் போடும் கணக்கு இன்னும் நுட்பமானது. எத்தனை கூடை எடுப்பது? குறைவாக எடுத்தால் வந்தவர் வெறுங்கையோடு போவார்; அதிகமாக எடுத்தால் மாலையில் வாடிவிடும். பொருளியலாளர் எட்ஜ்வர்த் 1888இல் வங்கி கையிருப்பில் எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தபோது இந்தப் புதிரைத் தொட்டார். இன்று மேலாண்மைப் பாடத்தில் இதற்குச் ‘செய்தித்தாள் வியாபாரி கணக்கு’ என்று பெயர். பழைய செய்தித்தாளை மறுநாள் யாரும் வாங்க மாட்டார்கள் அல்லவா? நம் 60, 100 எண்களையே போட்டுப் பார்ப்போம். கூடுதலாக எடுக்கும் ஒரு பொருள் விற்றால் 40 லாபம், விற்காமல் வீணானால் 60 நஷ்டம். அப்படியானால், விற்றுப்போக நூற்றுக்கு 60 வாய்ப்பாவது இருக்கும் வரைதான் அடுத்த பொருளை எடுக்க வேண்டும். அதற்கு மேல் எடுப்பது சூதாட்டம்.

பொம்மை வாடாது. விற்காததை அமைப்பிடமே திருப்பிக் கொடுத்துவிட முடியும் என்றால் நஷ்டம் கிட்டத்தட்டப் பூஜ்யம், விடை தலைகீழாகிவிடும். தோள் தாங்கும் மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரு பொம்மை 300 கிராம் என்றால் இருபது பொம்மை 6 கிலோ. மதியமே தீர்ந்துபோனால் தாதரிலிருந்து பவாய்க்கு மும்பை நெரிசலில் போய்த் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஒரே சூத்திரம்தான், பூவுக்கு ஒரு விடை, பொம்மைக்கு வேறு விடை. தொழிற்பொறியியல் படிக்கிற பிள்ளை இதைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்பதும், பையின் வார் தோளை அறுக்கும்போது உணர்வதும் ஒன்றல்ல.

கடைசியில் பணம் கைமாற வேண்டும். 2016க்கு முன்பு சில்லறை ஒரு தனித் தொல்லை. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் வியாபாரமே முறிந்துவிடும். அந்த ஆண்டு வந்த யுபிஐ அந்த முடிச்சை அவிழ்த்தது. அது கூடவே இன்னொரு வேலையும் செய்கிறது. க்யூஆர் குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்ததும், தொகையை அனுப்புவதற்கு முன்பே, பணம் யார் கணக்குக்குப் போகிறது என்ற பெயர் திரையில் வந்து நிற்கும். அங்கே அமைப்பின் பெயர் இருந்தால் ஒரு நிம்மதி. தனிநபர் பெயர் இருந்தால் ஒரு கேள்வி. “தர்மத்துக்கு என்கிறாயே, எப்படி நம்புவது?” என்ற பழைய சந்தேகத்துக்குப் பாதி பதில் அந்த ஒரு வரியில் கிடைத்துவிடுகிறது.

இத்தனையையும் ஒரு நாளில் கற்றுக்கொண்டு மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். அதே நடைபாதையில் ஆண்டு முழுக்க நிற்பவர்களுக்கு இதுதான் பிழைப்பு. 2014இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரையிலான வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. நாற்பது பேருக்கு ஒருவர். எந்த மூலையில் நிழல் எத்தனை மணிக்கு விழும், எந்த ரயில் வந்த பிறகு கூட்டம் நிதானமாக நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவர்களுடைய இடத்தை ஒரு நாள்கூடத் தொண்டின் பெயரால் பிடித்துக்கொள்வது நியாயமில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் ஊரிலும் இப்படி மாணவர்கள் பையோடு வந்து நிற்கக்கூடும். பொருளைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். நூறு ரூபாயில் எவ்வளவு அமைப்புக்குப் போகிறது என்று கேளுங்கள். நேர்மையாக விற்பவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். திரையில் வரும் பெயரைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். வாங்கப் போவதில்லை என்றால் சிரித்த முகத்தோடு உடனே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுக்கும் நேரத்தில் அவர் இன்னொருவரிடம் கேட்டுவிடுவார்.